என் பேரில் ஒரு காகிதமும் இல்லை

ஒருத்தி ஒரு நாட்டில் வாழ்ந்தாளா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரிகள் என்னிடம் கேட்டார்கள்: உன் பேரில் இங்கே வீடு உண்டா? வாடகை ஒப்பந்தமாவது இருக்கிறதா? வேலை பார்த்தாயா, சம்பளச் சீட்டு எங்கே? வருமான வரிக் கணக்குக் கொடுத்தாயா? பேங்கில் கணக்கு? ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படியானால் நீ இங்கே குடியிருக்கவில்லை, இந்தியாவில்தான் குடியிருக்கிறாய், இதில் கையெழுத்துப் போடு என்றார்கள். என் மகன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நின்றுகொண்டிருந்தான். அவன் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் பால் பல் விழுந்து முளைக்கிற வரைக்கும் வளர்த்தவள் நான். அதற்கு என்னிடம் ரசீது இல்லை.

பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். மாமனார் காலத்துத் தறி, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் அறையிலேயே பள்ளம் தோண்டிப் போட்டது. எங்கள் ஒரே பிள்ளை அந்தத் தறிக் கூலியில் படித்தவன். 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்த அலையில் அமெரிக்கா போனான், வருஷங்கள் கழித்துக் குடியுரிமையும் வாங்கினான். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளை, 21 வயசு முடிந்திருந்தால், பெற்றோரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அண்ணன் தம்பிக்கு இருக்கிற நீண்ட வரிசை பெற்றோருக்கு இல்லை. மருமகள் உண்டாகியிருந்தபோது போன் பண்ணி, "அம்மா, நீ வந்தாத்தான் ஆவும். எங்க ரெண்டு பேருக்கும் வேலை. புள்ளைய யாருகிட்ட விடறது?" என்றான். என் வீட்டுக்காரர் தறியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நான் தறிய வுட்டுட்டு வர மாட்டேன். நீ போய் புள்ளையப் பாரு."

போனேன். சும்மா விடவில்லை. என்னை உள்ளே விடுவதற்கு என் மகன் ஒரு பொறுப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கணக்குப்படியான வறுமைக்கோட்டின் 125 சதவீத அளவுக்குக் குறையாமல் எங்கம்மாவை நானே பராமரிப்பேன், அரசாங்கத்தின் தலையில் சுமத்த மாட்டேன் என்று உறுதி. மகன் நிழலில்தான் இந்தக் கிழவி இருப்பாள் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான், அதையே நிபந்தனையாக வைத்துத்தான், நிலையாகக் குடியிருக்கிற உரிமைக்கான கிரீன் கார்டு கொடுத்தார்கள். அத்தனை வருஷம் கழித்து அதே அரசாங்கம் என் சம்பளச் சீட்டைக் கேட்கிறது. என் நெஞ்சு எரிவது இங்கேதான். சம்பாதிக்காத ஒருத்தியாக இரு என்று எழுதி வாங்கிக்கொண்டு, சம்பாதிக்காததையே குற்றமாக எழுதினார்கள்.

அங்கே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்காததால் இங்கே சொல்கிறேன். மூத்தவள் பிறந்து மருமகளுக்கு லீவு முடிந்த அன்றைக்கே குழந்தை என் கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது பையன் குறைப் பிரசவம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, ஒரு கைப்பிடி பிள்ளையாக வீட்டுக்குக் கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் மார்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவேன். படுக்க வைத்தால் மூச்சு விடுகிறானா என்று பயம். எண்ணெய் தேய்த்துக் கால் நீட்டிக் குளிப்பாட்ட அந்த ஊர்க் குளியலறையில் இடம் போதாது, தொட்டிக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்து குளிப்பாட்டினேன். பனி கொட்டுகிற மாசங்களில் மூத்தவளுக்குக் கோட்டு, கையுறை, பூட்சு எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவேன். "ஆயா, நீ வழுக்கி வுழப் போற" என்று அவள் என்னைத் திட்டுவாள். எங்கள் பக்கத்து ஆயா என்கிற அந்தச் சொல்லை அந்தத் தெருவில் இருந்த வெள்ளைக்காரக் குழந்தைகளும் கற்றுக்கொண்டு, என்னைப் பார்த்தால் ஆயா என்றே கூப்பிட்டன. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்த ஆளுக்குச் சம்பளச் சீட்டு இருந்திருக்கும். அவள் அங்கே வாழ்ந்தாள் என்று அந்தச் சீட்டு சாட்சி சொல்லியிருக்கும்.

எனக்கு இது புதுசும் இல்லை. அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்காகிறது.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையைக் கட்டாத கல்யாணப் பெண் உண்டா நம் பக்கத்தில்? அந்தச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அந்த இரண்டையும் நெய்யும்போதே பிணைப்பதற்குப் பேர் கோர்வை. ஒற்றை ஆளால் ஆகாது. நெய்கிறவர் நடு நாடாவை ஓட்ட, கரைப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான். தார் சுற்றியவள் நான். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டவள் நான். ஒரு பக்கம் சேலை ஏறிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் நெசவாளர் சங்கத்துப் புத்தகத்தில் இருந்தது என் வீட்டுக்காரர் பேர். கூலி எழுதினது அவர் பேரில். போனஸ், அடையாள அட்டை, எல்லாம் அவர் பேரில். அவர் போன பிறகு ஒரு உதவித்தொகை விஷயமாக விசாரிக்கப் போன இடத்தில், "நீங்க நெசவாளர் இல்லையேம்மா" என்றார்கள். 2005-06 கணக்கு வருஷத்தில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும் பட்டேன். இந்த மண்ணில் நெய்ததுதான் காஞ்சிப் பட்டு என்று சேலைக்குச் சான்று கிடைத்துவிட்டது. அதை நெய்த கையில் பாதி என்னுடையது என்பதற்குச் சான்று கிடையாது.

இங்கே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் கணக்கில் வரவில்லை. அங்கே தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளும் கணக்கில் வரவில்லை.

2022-ல் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. தறிப் பள்ளத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எனக்குச் சேதி வந்தது அங்கே நடுராத்திரி. கிடைத்த விமானத்தில் ஏறி வந்தேன். அந்த நேரத்தில் யாராவது என்னை உட்கார வைத்து, ரீ-என்ட்ரி பெர்மிட் என்று ஒன்று உண்டு, வெளியே அதிக நாள் இருக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், இரண்டு வருஷம் வரைக்கும் கொடுப்பார்கள், ஆனால் விண்ணப்பிக்கும்போது நீ அமெரிக்க மண்ணிலேயே இருக்க வேண்டும், கைரேகையும் அங்கேயே கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும், நான் என்ன செய்திருப்பேன்? கட்டின புருஷன் வாய் கோணிப் படுத்திருக்கும்போது கைரேகைக்குத் தேதி வருகிற வரைக்கும் காத்துக்கொண்டிருப்பேனா? அந்தச் சட்டத்தை எழுதியவர் வீட்டில் யாருக்கும் திடீரென்று உடம்புக்கு வந்ததே இல்லையா?

அவரை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்கிறார்கள். எந்தப் பணத்தில்? 65 வயசு தாண்டிய முதியவர்களுக்கு அங்கே மெடிகேர் இருக்கிறது என்பார்கள். வேலை பார்த்து வரி கட்டாதவர், கார்டு வாங்கித் தொடர்ச்சியாக 5 வருஷம் அங்கே குடியிருந்தால்தான் அதில் பணம் கட்டியாவது சேர முடியும். புதுசாக வந்து இறங்குகிற ஒரு நோயாளிக்கு அதில் இடம் இல்லை. பல்வலி வந்தால்கூட ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற அம்மா அப்பாக்கள் அந்த நாட்டில் எத்தனையோ பேர். வைத்தியத்துக்காக ஊருக்கு வந்தால், ஊரிலேயே தங்கிவிட்டாய் என்கிறது சட்டம்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, பார்த்துக்கொண்டேன். நடுவில் வருஷத்துக்கு ஒரு முறை, என் தங்கையை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அமெரிக்கா போய்ச் சில வாரம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஓடி வருவேன். கார்டு உயிரோடு இருக்க வேண்டுமே. எங்களைப் போன்ற பெற்றோர் நடுவில் இதற்கு ஒரு வாய்ப்பாடே இருக்கிறது: "ஆறு மாசத்துக்கு ஒரு தரம் போய்த் தொட்டுட்டு வந்துட்டா ஒண்ணும் ஆவாது." கல்யாண மண்டபத்தில், பூங்கா பெஞ்சில், விமானத்தில் பக்கத்து சீட்டில், எங்கே போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பிறகுதான் வக்கீல் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே நுழைய முடியாது என்பது ஒரு கோடு. 180 நாள் தாண்டினால் புதுசாக உள்ளே வருகிறவரைப் போல நிறுத்தி விசாரிக்கலாம் என்பது இன்னொரு கோடு. இந்த இரண்டையும் தாண்டாவிட்டாலும், நீ வெளியே போனது தற்காலிகப் பயணமா, இல்லை வெளியே குடியிருந்துகொண்டு இங்கே பயணம் வருகிறாயா என்று அதிகாரி கேட்கலாம். எத்தனை நாள் இருந்தால் தற்காலிகம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. உன் மனசில் என்ன இருந்தது என்று பார்ப்பார்களாம். மனசை எதை வைத்துப் பார்ப்பார்கள்? வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, கட்டின புருஷன் எங்கே இருக்கிறான் என்பது.

அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சில மாசம் ஊரிலேயே இருந்தேன். அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம் பார்க்கக்கூடப் போகவில்லை. தறியைப் பிரித்து மரத்தை ஒருவருக்குக் கொடுத்தேன். வீட்டை என் பேருக்கு மாற்றி, முன்பாகத்தை வாடகைக்கு விட்டேன். இனி எனக்கு இந்த ஊரில் பார்க்க யாரும் இல்லை, பிள்ளைகளோடு போய் இருந்துவிடலாம் என்று பெட்டி கட்டினேன். கவனியுங்கள், ஓடி ஓடிப் போய்த் தொட்டுவிட்டு வந்த அத்தனை தடவையும் என்னை யாரும் நிறுத்தவில்லை. உண்மையாகவே குடியிருக்கப் போன அன்றைக்குத்தான் நிறுத்தினார்கள். நீ இங்கே குடியிருக்க வரவில்லை என்றார்கள்.

அது 2025. எந்த விமான நிலையம் என்று எழுதப்போவதில்லை. அந்த வருஷம் மார்ச்சில் அந்த நாட்டுத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், கிரீன் கார்டு வைத்திருக்கிறவருக்குக் காலவரையில்லாமல் அங்கே இருக்கிற உரிமை கிடையாது என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். அதே சமயத்தில்தான் குளிர்காலத்தை இந்தியாவில் கழித்துவிட்டுத் திரும்புகிற முதியவர்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கார்டை ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று நம் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. அதைப் படித்தபோது, யாரோ தப்புப் பண்ணியவர்களை நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள் எங்கள் தெருவில்.

அந்த அறையில் வரிசையாக நாற்காலி. எனக்கு எதிரே ஒரு பெரியவர், எந்த நாட்டுக்காரரோ, மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்கப் பிரயாணம் செய்த உடம்பு, கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. சர்க்கரைக்காரி, சாப்பிட எதுவும் தரவில்லை. போனில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "அம்மா, அவர் கேக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டாள். முகம் தெரியாத அந்தப் பெண் ஒருத்திதான் அன்றைக்கு எனக்கு மரியாதை கொடுத்தவள். காஞ்சிபுரத்தில் வீடு இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றேன். யார் பேரில்? என் பேரில். வாடகை வருகிறதா? வருகிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே டைப் அடித்தார். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சொத்து என் பேரில் வந்தது, புருஷன் செத்ததால் வந்தது, அதுவே எனக்கு எதிர்ச் சாட்சி ஆகிவிட்டது. அவருடைய இறப்புச் சான்றிதழ் பையில் இருக்கிறது, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். அந்தப் பெண் அதைச் சொன்னாள். தேவையில்லை என்று பதில் வந்தது.

ஐ-407 என்கிற படிவம். நானாக விரும்பி என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதற்குப் பொருள். நானாக விரும்பி! போடாவிட்டால் ராத்திரி இங்கேயே வைத்திருப்போம், பிறகு கோர்ட்டு, கேஸ், உன் மகனுக்குத்தான் தொல்லை என்று சொன்னார்கள். மகனுக்குத் தொல்லை என்று கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? அந்த ஒரு வார்த்தையை எங்கே போட்டால் தைக்கும் என்று தெரிந்துதான் போட்டார்கள். மகனுக்குப் போன் பண்ண விடவில்லை. விசா இல்லாதவள் ஆகிவிட்டதால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அதிகாரிக்கு என் குடியிருப்பு உரிமையைப் பறிக்கிற அதிகாரமே இல்லை என்பதை ஊர் வந்து சேர்ந்த பிறகு வக்கீல் வாயிலிருந்து கேட்டேன். ஒன்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குடிவரவு நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கலாம். மறுத்தால் நீதிபதி முன்னால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அங்கே நான் குடியிருப்பைக் கைவிட்டேன் என்று தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத, நம்பத்தகுந்த ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியதும் அரசாங்கத்தின் பாரம். இத்தனையும் சட்டத்தில் எனக்குப் பக்கபலமாக இருந்திருக்கிறது. இதில் ஒரு வரியையாவது அந்த அறையில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? மாட்டை விற்கும்போதுகூடச் சுழி சொல்லி விற்பார்கள் எங்கள் பக்கத்துச் சந்தையில்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான் என்று சொந்தக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சொல்கிறேன். என் கால் இரண்டும் என்னுடையதாக எப்போது இருந்தது? மகனுக்குப் பிள்ளை பிறந்தது என்று அந்தப் பக்கம் இழுத்தார்கள், புருஷன் விழுந்தார் என்று இந்தப் பக்கம் இழுத்தார்கள். இரண்டு பக்கமும் போனேன், இரண்டு பக்கமும் உழைத்தேன். குடியுரிமையே வாங்கியிருக்கலாமே என்றும் சொல்கிறார்கள். இங்கிலீஷில் பரீட்சை எழுத வேண்டும். 55 வயசு தாண்டியவர், கார்டோடு 15 வருஷம் அங்கே குடியிருந்திருந்தால் அந்த இங்கிலீஷிலிருந்து விலக்கு உண்டு. 50 வயசென்றால் 20 வருஷம். பேரப்பிள்ளை பிறந்த பிறகு போகிற ஆயாவுக்கு அந்த 15 வருஷம் எப்போது நிறையும்? அதோடு, நடுவில் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே தங்கினால் குடியுரிமைக்கு வேண்டிய தொடர்ச்சி அறுந்ததாகக் கொண்டுவிடலாம்.

கார்டோடு ஊருக்கு வந்து கொரோனாவில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால் என் கதை சின்னது. 2020 மார்ச்சில் நம் நாடு வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. வழக்கமான விமானங்கள் மறுபடி பறந்தது 2022 மார்ச் 27-ல்தான். இடையில் சிறப்பு விமானங்கள் விட்டார்கள், உண்மை. எழுபது எண்பது வயசில், தொற்றுக்குப் பயந்து, அதில் ஏறாமல் வீட்டோடு இருந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு வருஷக் கோடு அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பி வரும் குடியிருப்பாளர் என்று அவர்களுக்கு ஒரு தனி விசா உண்டு. அதற்குப் போனால், திரும்பி வருகிற எண்ணத்தோடுதான் போனேன், தாமதம் என் கையில் இல்லை என்று நிரூபி என்பார்கள். நிரூபிக்கக் கேட்பது மறுபடியும் அதே காகிதங்கள்தான்.

அமெரிக்காவை மட்டும் சொல்வதற்கில்லை. பிரிட்டனில் இரண்டு வருஷம் தொடர்ந்து வெளியே இருந்தால் நிலையாகக் குடியிருக்கிற உரிமை போய்விடுகிறது. அங்கே விண்ட்ரஷ் தலைமுறை என்று கரீபியத் தீவுகளிலிருந்து 1948 முதல் வந்து உழைத்தவர்களை, ஐம்பது அறுபது வருஷம் கழித்து, நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று அலைக்கழித்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய சீட்டுகளை அரசாங்கமே 2010-ல் அழித்துவிட்டிருந்தது. 2018-ல் நாடே அதற்காகத் தலைகுனிந்தது. காகிதத்தை வைத்து மனுஷியை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கனடாவில் நம் தமிழர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே கணக்கு கறாரானது: 5 வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதையாவது எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், அதிகாரியின் ஊகத்துக்கு வேலை இல்லை. அந்த 730 நாள் குறைந்துபோனாலும், மனிதாபிமானக் காரணம் உண்டா என்று பார்க்கச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, இந்த முடிவால் நேரடியாகப் பாதிக்கப்படுகிற குழந்தையின் நலன். சட்டத்தில் குழந்தை என்று எழுதியிருக்கிறது! அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கேட்ட அத்தனை கேள்வியில் ஒன்றுகூட என் பேரப்பிள்ளைகளைப் பற்றியது இல்லை. அவர்கள் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். அந்த நாட்டுக் குழந்தைகளிடமிருந்து யாரைப் பிரிக்கிறோம் என்று அந்த நாட்டு அதிகாரிக்கே கேட்கத் தோன்றவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு நல்ல வரி இருக்கிறது. 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் தன் ஊரில் சாதாரணமாகக் குடியிருப்பவர் இல்லை என்று ஆகிவிட மாட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதி என்ன? 2025 டிசம்பரில் தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பேரை எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி குடிபெயர்ந்தவர்கள் என்ற கணக்கில். பட்டியலைத் திருத்துவதற்காக வீடு வீடாகப் படிவம் கொடுக்க வந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன், ஏனென்றால் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஊரில் ஒரு மாசம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு என்ன ஆனதோ. "நீங்கதான் அமெரிக்காவுல இருக்கீங்களே ஆயா, பேரை எடுத்துடலாமா?" என்று எங்கள் வாசலில் நின்று கேட்டார் ஒரு தம்பி. அங்கே, நீ காஞ்சிபுரத்துக்காரி. இங்கே, நீ அமெரிக்காக்காரி. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அந்தத் தம்பிக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துப் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். இந்தியப் பாஸ்போர்ட்.

பேத்தி வீடியோ காலில் வந்தால் முதலில் சண்டைதான் பிடிக்கிறாள். "அவங்க சைன் பண்ணுன்னா நீ ஏன் பண்ண?" என்று கேட்கிறாள். பையன் பேசுவதே இல்லை, போனை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறான். குறைப் பிரசவத்துப் பிள்ளை, பேச்சு வரவே நாளானது. தமிழில்தான் முதலில் பேசினான், என்னோடு. அந்தப் பேச்சு இப்போது திரும்ப அடங்கிக்கொண்டிருக்கிறது என்று மருமகள் சொல்லும்போது என் வயிறு பற்றி எரிகிறது. இதற்கு எந்தப் படிவத்தில் இடம்?

வக்கீல் சொல்கிற வழி, மகன் மறுபடி மனுப் போட்டு என்னைப் புதுசாகக் கூப்பிடுவது. அதே பொறுப்புப் பத்திரம், அதே மெடிக்கல், அதே நேர்காணல். அந்த வருஷங்களெல்லாம் இல்லவே இல்லை, இனிமேல்தான் முதல் தடவையாகக் குடியேற வருகிறேன் என்கிற மாதிரி. வேறு வழி இல்லையென்றால் செய்கிறேன், பிள்ளைகளைப் பார்த்தாக வேண்டும். ஆனால் வக்கீலிடம் ஒன்று கறாராகச் சொல்லிவிட்டேன். மூத்தவள் போன பள்ளியில், குழந்தையைக் கூட்டிப்போக வருகிறவர் தினமும் ஒரு நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷக்கணக்கில் அதில் போட்டது என் கையெழுத்து, தமிழில். அந்த நோட்டு இன்னும் இருந்தால் பக்கம் பக்கமாக நகல் எடுத்து மனுவோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உதவுமா என்று அவருக்குச் சந்தேகம். உதவுகிறதோ இல்லையோ, வைக்கச் சொன்னேன்.

போன வாரம் மகன் படிவத்தை நிரப்பி எனக்குப் படித்துக் காட்டினான். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று போட்டிருந்தான். "அத அடிச்சிட்டு எழுதுடா" என்றேன். என்ன எழுதறதும்மா என்றான். நெசவு என்று எழுதச் சொன்னேன். பக்கத்திலேயே, பிள்ளை வளர்ப்பு என்றும்.